எஞ்சின் புதுசு, டைமிங் மட்டும் நிற்கவில்லை: குறி ஆடும் விதத்தை வைத்துக் கோளாறு பிடிப்பது

எஞ்சினை இறக்கி, ரீபோர் போட்டு, கிராங்க் கிரைண்டிங் முடித்து, புது பிஸ்டன், புது பேரிங், ஹெட் வேலை எல்லாம் செய்து ஏற்றியாயிற்று. ஸ்டார்ட்டும் ஆகிறது. ஆனால் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைப் பார்க்க, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒரு முறை மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்தால், கிராங்க் புல்லியில் போட்ட வெள்ளைக் குறி ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. மெக்கானிக், பிளக்குகளுக்கு முறை வைத்து ஸ்பார்க் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்கிறார். அன்றைக்கு நன்றாக ஓடுகிறது. நாலு நாள் கழித்து மறுபடியும் அதே தொல்லை.

என்னுடைய வண்டி 1970 மாடல் மார்க் 2 அம்பாசிடர். கோவையை அடுத்த சூலூரில் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் வைத்துத்தான் இதைத் தேடினேன். மூன்று மாதம் பிடித்தது. ‘டைமிங் ஆடுகிறது’ என்று நாம் சொல்வது ஐந்தாறு கோளாறுகளுக்கு வைத்த ஒரே பெயர் என்பது அந்த மூன்று மாதத்தில்தான் புரிந்தது. குறி எப்படி ஆடுகிறது என்று நிதானமாகப் பார்த்தால் எந்தக் கோளாறு என்று சொல்லிவிடலாம். பார்க்காமல் திருப்பினால், இருந்த தடயமும் போய்விடும்.

எஞ்சின் வேலை என்றால் நாம் பிளாக், ஹெட், கிராங்க் இவற்றுக்குத்தான் பணம் எடுத்து வைக்கிறோம். கழற்றி வைத்த டிஸ்ட்ரிபியூட்டரைத் துணியால் துடைத்து அப்படியே திரும்ப மாட்டிவிடுகிறோம். உள்ளே ஐம்பது வருடம் சுற்றிய ஷாஃப்ட், அதைத் தாங்கும் ஐம்பது வருடத்துப் புஷ். எஞ்சினே தளர்ந்து ஓடியபோது இதன் ஆட்டம் தனியாகத் தெரியவில்லை. எஞ்சின் இறுகியதும் தெரிகிறது.

கீழே நான் தரும் அளவுகள் அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை மனதில் வைத்தவை. பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் தேடும் வழி இதேதான். அவற்றிலும் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் லைட்டைச் சந்தேகப்படுங்கள்

குறி ஆடுவது வேறு, லைட் விட்டு விட்டு எரிவது வேறு. குறி ஒரு கணம் காணாமல் போய், மறுபடி அதே இடத்தில் தெரிந்தால் டைமிங் மேல் குற்றமில்லை. ஸ்பார்க் விட்டுப் போகிறது, அல்லது லைட்டின் கிளாம்ப் பிளக் ஒயரைச் சரியாகக் கவ்வவில்லை. கிளாம்ப்பைத் துடைத்து, மற்ற பிளக் ஒயர்களை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். லைட்டுக்கு அதே காரின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்தால் சில லைட்டுகள் தானாகவே தடுமாறும். வேறொரு பேட்டரியில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் காதையும் பயன்படுத்துங்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிக் கொட்டகை இருக்கிறது. பத்துத் தறி ஒன்றாக ஓடும்போதும், ஒரு தறியில் நாடா அடிப்பது பிசகினால் தறிக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. அதே மாதிரி சைலன்சர் பின்னால் நின்று இரண்டு நிமிடம் கேளுங்கள். சத்தத்தில் ஓட்டை விழுந்தால் அது மிஸ்ஸிங். அதை முதலில் தீர்க்க வேண்டும். சத்தம் சீராக இருந்து குறி மட்டும் ஆடினால், மேலே படியுங்கள்.

டுவெல் மீட்டரை வைத்துப் பாதி எஞ்சினைக் கழித்துவிடலாம்

நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை இது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மூடித் திறக்கும் சுவிட்ச்தான் சி.பி. பாயிண்ட்; அது திறக்கும்போது ஸ்பார்க் அடிக்கும். டுவெல் என்பது அது மூடியிருக்கும் கோணம். நாலு சிலிண்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு சிலிண்டரின் பங்கு 90 டிகிரி. அதில் ஏறக்குறைய 60 டிகிரி பாயிண்ட் மூடியிருக்க வேண்டும். 3 டிகிரி கூடக் குறைய இருக்கலாம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைத்தால் இந்த டுவெல் வரும்.

இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும், அதாவது முந்தும். குறைந்தால் தாமதமாகத் திறக்கும், ரிடார்டு ஆகும், அதாவது பிந்தும். டுவெல் 1 டிகிரி மாறினால் கிராங்க்கில் டைமிங்கும் ஏறக்குறைய 1 டிகிரி மாறும். அதனால்தான் எப்போதும் முதலில் பாயிண்ட், பிறகு டைமிங் என்று சொல்கிறோம். வரிசையை மாற்றிச் செய்தால் செய்த டைமிங் வீண்.

இப்போது சோதனை. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் (எஞ்சின் உறிஞ்சும் விசை) குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள். டுவெல் மீட்டரையும் டைமிங் லைட்டையும் ஒரே நேரத்தில் மாட்டுங்கள். ஐட்லிங்கில் ஒரு முறை, 2000 ஆர்.பி.எம்.மில் ஒரு முறை டுவெல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டுவெல் நிலையில்லாமல் ஆடினாலும், இரண்டு வேகத்துக்கும் நடுவில் 3 டிகிரிக்கு மேல் மாறினாலும், கோளாறு டிஸ்ட்ரிபியூட்டரின் மேல்பாதியில் இருக்கிறது: ஷாஃப்ட், புஷ், பாயிண்ட், அது உட்கார்ந்திருக்கும் தட்டு. டுவெல் ஆணி அடித்த மாதிரி நின்று குறி மட்டும் ஆடினால், கோளாறு, வேகம் கூடக் கூட விரிந்து டைமிங்கை முந்தவைக்கும் அட்வான்ஸ் வெயிட்டிலோ, அதற்கும் கீழே டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிற பல்லிலோ, கேம் ஷாஃப்ட்டிலோ இருக்கிறது. இந்த ஒரு பிரிவு தெரிந்தாலே தேடும் இடம் பாதியாகிவிடும்.

குறி நடுங்குகிறது, டுவெல்லும் ஆடுகிறது

எஞ்சின் வேலை முடித்த வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். குறிக்கு ஓர் ஒழுங்கே இருக்காது. இடது வலது என்று 5 டிகிரி, சில சமயம் 8 டிகிரி வரை குதித்துக்கொண்டே இருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் அதற்குள் சுற்றும் ரோட்டரையும் எடுத்துவிட்டு, ஹேண்டில் போட்டுச் சுற்றி பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் நிறுத்துங்கள். ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடு) இடைவெளியில் வையுங்கள். இப்போது ஷாஃப்ட்டின் தலையைக் கட்டை விரலால் பாயிண்ட் பக்கமாக ஒரு தள்ளு, எதிர்ப்பக்கமாக ஒரு தள்ளு. கேஜ் இறுகி இறுகித் தளர்ந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. மொத்த இடைவெளியே 0.40 மி.மீ. அதில் ஷாஃப்ட் 0.10 மி.மீ. சாய்ந்தால் நாலில் ஒரு பங்கு போயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் புல்லியில் பெரிய ஆட்டமாகத் தெரிவது இதனால்தான். போதாததற்கு டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது; அங்கே 1 டிகிரி பிசகினால் கிராங்க்கில் அது 2 டிகிரி.

புஷ்ஷுக்குப் போகும் முன் சின்னச் சின்ன விஷயங்களைப் பாருங்கள். பாயிண்ட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ முழுதாக இறுகியிருக்கிறதா? பாயிண்ட் உட்கார்ந்த மேல் தட்டு, கீழ்த் தட்டின் மேல் தட்டையாகப் படிந்திருக்கிறதா? தட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ‘டக் டக்’ என்று அசைந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. இது புஷ் தேய்மானம் மாதிரியே நடிக்கும். புஷ் மாற்றியும் ஆட்டம் தீரவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்குக் கோளாறு இந்தத் தட்டில்தான்.

என் வண்டியில் புஷ்தான். கணபதி பக்கம் ஒரு லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பெரியவர் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஷாஃப்ட்டை விரலில் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இதைப் போட்டுட்டா வண்டி ஓட்டிட்டு இருந்தீங்க? தொட்டிலாட்ட ஆடுதுங்களே.”

“புஷ் மட்டும் போட்டாப் போதுங்களா ஐயா?”

“அது ஷாஃப்ட்டைப் பார்த்தாத்தானுங்க தெரியும். ஷாஃப்ட்டே தேஞ்சிருந்துச்சுன்னா புஷ் போட்டு என்னத்துக்குங்க ஆகுது?”

மைக்ரோமீட்டரை எடுத்து ஷாஃப்ட்டில் ஐந்து இடத்தில் அளந்தார். புஷ் உட்காரும் இடத்தில் ஒரு பக்கமாகவே தேய்ந்து, வட்டம் லேசாக முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. ஷாஃப்ட்டை முதலில் கிரைண்டிங் செய்து வட்டமாக்கி, அந்தப் புது அளவுக்குப் பாஸ்பர் பிரான்ஸில் புஷ் கடைந்தார். கடைந்த புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். ஆகவே ஏற்றிய பிறகு ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) விட்டுத்தான் கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவர் ஷாஃப்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உள்ளே இறக்கினார். அது தன் எடையிலேயே மெதுவாக வழுக்கி இறங்கியது. பக்கவாட்டில் தள்ளினால் அசைவே இல்லை. அந்த இறக்கத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, சரியான பொருத்தம் என்றால் என்ன என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடையில் துளைகள் உள்ள, எண்ணெய் உறிஞ்சும் வகைப் புஷ் கிடைத்தால் அதுவும் நல்லதுதான். ஏற்றும் முன் ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப் போடுங்கள். அந்த வகைக்கு ரீமர் விடக் கூடாது. துளைகள் அடைத்து, எண்ணெய் வராமல் போய்விடும்.

ஒன்றாம் பிளக்கில் ஓர் இடம், நாலாம் பிளக்கில் வேறோர் இடம்

லைட்டின் கிளாம்ப்பை 1ஆம் பிளக் ஒயரில் மாட்டிக் குறியைப் பாருங்கள். பிறகு 4ஆம் பிளக் ஒயருக்கு மாற்றுங்கள். இரண்டும் கிராங்க் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் எரிகிறவை. குறி அதே இடத்தில்தான் தெரிய வேண்டும். புல்லியில் நேர் எதிரே இன்னொரு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டால் 2, 3 இரண்டையும் இப்படியே பார்க்கலாம்.

ஒவ்வொன்றிலும் குறி அசையாமல் நின்று, இடம் மட்டும் ஒன்றுக்கொன்று மாறினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது பாயிண்ட்டைத் தள்ளும் கேமின் நாலு முனைகளும் சமமாகத் தேயவில்லை. நாலு முனையிலும் இடைவெளியை அளந்தால் உறுதியாகிவிடும். இதற்குத் திருப்பி வைப்பதில் தீர்வே இல்லை. ஷாஃப்ட்டை மாற்றுங்கள்.

ஐட்லிங் தானாக ஏறி இறங்குகிறது, குறியும் அதோடு ஊஞ்சலாடுகிறது

இது நடுக்கம் மாதிரி இருக்காது. மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். டுவெல் அசையாது.

அட்வான்ஸ் வெயிட்டின் ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தால், ஐட்லிங் வேகத்திலேயே வெயிட் விரியத் தொடங்கிவிடும். அட்வான்ஸ் கூடியதும் வேகம் கூடும், வேகம் கூடியதும் அட்வான்ஸ் இன்னும் கூடும். ஓர் எல்லைக்குப் போய் மூச்சுத் திணறி இறங்கும், அப்புறம் மறுபடி ஏறும். சோதிக்க ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்து, எஞ்சின் நிற்கிற அளவு வரை வேகத்தைக் கொண்டுவாருங்கள். அங்கே குறி அமைதியானால் ஸ்பிரிங்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது இல்லை. பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒன்று மெல்லியது, இன்னொன்று தடிமனானது. தடிமனான ஸ்பிரிங்கின் கொக்கி நீளமாக, மாட்டியும் தொளதொளவென்று இருக்கும். வேகம் கூடிய பிறகுதான் அது வேலைக்கு வர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ‘லூசாக இருக்கிறதே’ என்று இடுக்கியால் வளைத்து இறுக்கினால் மேல் வேகத்தில் அட்வான்ஸ் வராமல் வண்டி இழுக்காது. நல்ல எண்ணத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கி ஸ்பிரிங்கையும் வெயிட்டையும் மாற்றிப் போடுகிறவர்கள், ஷாஃப்ட்டின் மேல்பாகத்துக்குக் கீழே தட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். லூகாஸ் வகையில் 10, 12, 15 என்று எதாவது இருக்கும். அந்த டிஸ்ட்ரிபியூட்டர் அதிகபட்சம் எத்தனை டிகிரி அட்வான்ஸ் தரும் என்பது அது; கிராங்க்கில் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எஞ்சினுக்கானதை மாட்டிவிட்டு ஐட்லிங்கில் டைமிங் சரி என்று நினைத்தால், நெடுஞ்சாலையில் பிஸ்டன் அடி வாங்கும்.

ஸ்பிரிங் நன்றாக இருந்தும் ஊஞ்சலாடினால், அது டைமிங் கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். எஞ்சினை ஏற்றும்போது இன்லெட் மேனிஃபோல்டு கேஸ்கட் சரியாக உட்காராமல் காற்று இழுத்தால் ஐட்லிங் ஏறி இறங்கும். டைமிங் அதன் பின்னால் போகும். கேஸ்கட் ஓரத்தில் எண்ணெய்க் குடுவையால் ஒரு கோடு எண்ணெய் விடுங்கள். சத்தம் மாறினால் காற்று அங்கேதான் போகிறது.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் குறி பழைய இடத்துக்கு வரவில்லை

எஞ்சின் நின்றிருக்கும்போது ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் முறுக்கி விடுங்கள். ‘படக்’ என்று திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தால் உள்ளே பழைய கிரீஸ் களிம்பாகிவிட்டது, அல்லது எண்ணெயே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காயவைத்து அப்படியே மாட்டிய வண்டிகளில் இது சகஜம். ரோட்டருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூத் தலை தெரியும். அதன் மேல் இரண்டு சொட்டு எண்ணெய், வெயிட்டின் ஊசிகளுக்கு ஒவ்வொரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம், பாயிண்ட்டில் தெறித்தால் வேறு தொல்லை.

டுவெல் நிற்கிறது, ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, குறி மட்டும் இன்னும் அலைகிறது

புஷ் மாற்றிய பிறகு என் வண்டியில் 8 டிகிரி ஆட்டம் 3 டிகிரிக்கு இறங்கியது. நண்பர்கள் ‘இது போதும், ஓட்டு’ என்றார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. டுவெல் இம்மியும் அசையவில்லை. அப்படியானால் மிச்ச ஆட்டம் மேல்பாதியில் இல்லை.

வெயிட்டா, அதற்கும் கீழேயா என்று பிரிக்க, பாயிண்ட் தட்டைக் கழற்றி, இரண்டு வெயிட்டுகளும் விரிய முடியாதபடி மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டினேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஐட்லிங்கில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். இந்த நிலையில் ரேஸ் கொடுக்கக் கூடாது, பார்த்த உடனே கம்பியை எடுத்துவிட வேண்டும். குறி நின்றிருந்தால் வெயிட்டின் துளை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நிற்கவில்லை. அதே 3 டிகிரி.

ஆக, கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே. இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டில் உள்ள சாய்வுப் பல்தான் டிஸ்ட்ரிபியூட்டரின் அச்சைச் சுற்றுகிறது. பல் சாய்வாக வெட்டியிருப்பதால் கேம் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்தாலே போதும், டிஸ்ட்ரிபியூட்டர் கொஞ்சம் திரும்பிவிடும். ஸ்க்ரூவைத் திருகாமல் தள்ளினால் நட் சுற்றுகிற மாதிரிதான். கேம் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிப்பது டைமிங் செயின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் த்ரஸ்ட் பிளேட். இந்த வகை எஞ்சினில் அனுமதித்த முன்பின் ஆட்டம் 0.08 முதல் 0.18 மி.மீ. வரைதான்.

ரேடியேட்டரை இறக்கி, டைமிங் கவரைக் கழற்றி, செயின் சக்கரத்தின் முகத்தில் டயல் கேஜை வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரால் சக்கரத்தை மெதுவாக முன்னே நெம்பி, பிறகு பின்னே தள்ளினேன். கேஜ் முள் 0.40 காட்டியது. எஞ்சின் வேலை செய்த இடத்தில் பழைய த்ரஸ்ட் பிளேட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். அதில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருப்பது நகத்தால் தடவினாலே தெரிந்தது. புதுப் பிளேட் போட்டதும் முள் 0.12-இல் நின்றது. அன்று மாலை லைட்டைப் பிடித்தபோது வெள்ளைக் கோடு டைமிங் கவரில் உள்ள கூர்முனைக்கு நேராக, சுவரில் வரைந்த மாதிரி நின்றது. எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று தெரியவில்லை.

கவரைக் கழற்றும் வேலை வந்தால் செயினையும் டென்ஷனரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தளர்ந்த செயின், ஐட்லிங்கில் குறியைச் சற்று அலையவிட்டு, வேகம் சீரானதும் அடங்கும்.

சமவெளியில் சரி, மலையில் வளைவுக்கு வளைவு வெட்டுகிறது

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது வண்டி நன்றாக இழுக்கிறது. வளைவுக்கு முன் காலைத் தளர்த்தியதும் இரண்டு மூன்று வெட்டு. மறுபடி மிதித்தால் சரி. இந்த அறிகுறியை விட நேராகப் பேசும் அறிகுறி வேறில்லை. முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்காது, பாயிண்ட் தட்டு ஓரிடத்தில் இருக்கும். காலைத் தளர்த்தியதும் வேக்குவம் தட்டை இழுக்கும். தட்டு நகரும்போது மட்டும் கோளாறு வருகிறது என்றால், தட்டோடு சேர்ந்து அசையும் ஒயர்களில்தான் கோளாறு.

இரண்டு ஒயரைப் பாருங்கள். ஒன்று, தட்டிலிருந்து உடம்புக்கு வரும் பின்னல் எர்த் ஒயர். வெளியே முழுசாகத் தெரிந்து உள்ளே அறுந்திருக்கும். மெதுவாக இழுத்தால் கையோடு வரும். இன்னொன்று, பாயிண்ட்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் சின்ன ஒயர். அதன் மேலுறை வெடித்து உடம்பில் உரசும். இரண்டுக்கும் சாதாரணத் தடி ஒயர் போடாதீர்கள். வளைந்து கொடுக்கும் பல இழை ஒயர்தான் நிற்கும்.

ஒயர் நன்றாக இருந்தால் வேக்குவம் டப்பா. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. வேக்குவம் இல்லாத டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

இருபது நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும் ஆரம்பிக்கிறது

சூட்டில் வருவது பெரும்பாலும் டைமிங் இல்லை, ஸ்பார்க் பலவீனம். பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கன்டென்சர் முதல் சந்தேகம். பாயிண்ட் முனையில் நீல நிறக் கருக்கலும் மேடு பள்ளமும் இருந்தால் கன்டென்சரை மாற்றிவிடுங்கள். அப்புறம் ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் காயில். கரண்ட்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத 12 வோல்ட் காயிலின் பிரைமரி ஏறக்குறைய 3 ஓம் காட்டும். ரெசிஸ்டரோடு வேலை செய்யும் காயில் 1.5 ஓம். இரண்டாவதை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் காயில் கொதிக்கும், பாயிண்ட் தீயும். புதுக் காயில் வாங்கும்போது கடையிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பாயிண்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் செட் போட்டால் எல்லாம் தீரும் என்று பலர் சொல்கிறார்கள். பாயிண்ட் தேய்மானம் தீரும், உண்மைதான். ஆனால் தளர்ந்த ஸ்பிரிங்கையும் தேய்ந்த த்ரஸ்ட் பிளேட்டையும் அது ஒன்றும் செய்யாது. முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்துவிட்டு, பிறகு விருப்பமிருந்தால் மாட்டுங்கள்.

சரியாக வைத்த டைமிங் நாலு நாளில் நகர்ந்துவிடுகிறது

புதுப் பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் காய்ந்த கேமில் உரசினால் சீக்கிரம் தேயும். இடைவெளி சுருங்கும், டைமிங் ரிடார்டு பக்கமே போகும். கேமில் மிளகு அளவு கிரீஸ் தடவினால் தீர்ந்தது. எப்போதும் ஒரே திசையில் நகர்ந்தால் இதுதான்.

இரண்டு திசையிலும் நகர்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கவ்வும் கிளாம்ப். போல்ட்டை மிஞ்சி இறுக்கி இறுக்கி அதன் வாய் ஒட்டிக்கொண்டிருக்கும். போல்ட் இறுகும், டிஸ்ட்ரிபியூட்டர் இறுகாது. கையால் திருப்பிப் பார்த்தால் தெரியும். வேக்குவம் டப்பா பக்கத்தில் ஏ, ஆர் எழுத்துகளோடு திருகு குமிழ் இருக்கும் மாடல் என்றால், அதற்கு அடியில் உள்ள ஸ்பிரிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றும்போது அது தெறித்து விழுந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்பிரிங் இல்லாத குமிழ் அதிர்விலேயே சுற்றிக்கொண்டு போகும்.

குறி அசையாமல் நிற்கிறது, வண்டிதான் ஓடவில்லை

அப்படியானால் குறியே பொய் சொல்கிறது. ரப்பர் வளையம் உள்ள புல்லியில் வெளிவட்டம் வழுக்கியிருக்கலாம். வேறு எஞ்சினின் புல்லியையோ டைமிங் கவரையோ மாற்றி மாட்டியிருக்கலாம்.

உண்மையான மேல் நிலையைக் கண்டுபிடிக்க எல்லாப் பிளக்கையும் கழற்றி, பழைய பிளக் ஒன்றில் மழுங்கிய போல்ட்டைப் பொருத்தி 1ஆம் சிலிண்டரில் திருகுங்கள். பிஸ்டன் மேலே வரும்போது அதில் மெல்ல முட்டி நிற்க வேண்டும். முட்டிய இடத்தில் புல்லியில் ஒரு கோடு. எதிர்த்திசையில் சுற்றி முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடு தான் பிஸ்டனின் மேல் நிலை. ஹேண்டில் ஒரு திசையில்தான் பிடிக்கும்; எனவே டாப் கியரில் போட்டு வண்டியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஸெல்ஃப் பக்கம் கையே போகக் கூடாது.

சரிசெய்த பிறகு வைப்பது

ஆடி மாதமாக இருந்தால் காற்றடங்கும் விடியற்காலையில் செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அள்ளி வரும் மண்ணில் ஒரு துகள் பாயிண்ட் நடுவில் உட்கார்ந்தாலும் மறுபடி தேடவேண்டி வரும்.

பாயிண்ட் இடைவெளியை வையுங்கள். 1ஆம் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டை விரலை வைத்து, ஹேண்டிலால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது குறியைப் பாருங்கள். அம்பாசிடரில் கூர்முனைகள் டைமிங் கவரின் அடியில் இருக்கின்றன, தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். கையேடு சொல்லும் டிகிரிக்குக் குறி வந்ததும் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால், டாப் கியரில் வண்டியைப் பின்னே தள்ளிக் கால் சுற்று பின்னே போய், மறுபடி ஓடும் திசையிலேயே வாருங்கள். இல்லையென்றால் பல் இடுக்கில் உள்ள ஆட்டம் கணக்கில் சேர்ந்துவிடும்.

காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் மாட்டி, இக்னிஷனைப் போடுங்கள். இந்த எஞ்சினில் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை அதே திசையில் கொஞ்சம் திருப்பிப் பாயிண்ட் மூடும்படி வையுங்கள், லேம்ப் அணையும். பிறகு கடிகாரத் திசையில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். லேம்ப் எரியும் அந்தக் கணத்தில் நிறுத்தி, கிளாம்ப்பை இறுக்குங்கள். இறுக்கும்போது நகரவில்லையா என்று ஹேண்டிலால் இன்னொரு முறை சுற்றிச் சரிபாருங்கள்.

புதுப் பாயிண்ட் படிந்து உட்கார 500 கிலோமீட்டர் ஆகும். அப்போது மூடியைத் திறந்து இடைவெளியை ஒரு முறை, டைமிங்கை ஒரு முறை, இதே வரிசையில் பார்த்துவிடுங்கள்.